கெய்ரோவில் தனியாக எடுத்த ஒரு நாள் டூர் ஏமாற்றம் தந்தது. மறுபடி கைடு வைக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். தனியாகக் கெய்ரோ வந்திருக்கும் ஒரு பெண், ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த ஒரு நாள் டூரை எடுத்திருக்கிறார். கீசா பிரமிடுகள், பழைய தலைநகரான மெம்பிஸ், அதன் கல்லறை நிலமான சக்காரா, மதியச் சாப்பாடு, ஆங்கிலம் பேசும் கைடு எல்லாம் சேர்த்து ஒரே விலை. கீசாவில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் விட்டார்கள். அப்புறம் பாப்பிரஸ் என்ற செடித்தாளில் வரைந்த படங்கள் விற்கும் கடை, வாசனை எண்ணெய்க் கடை, சக்காரா போகும் வழியில் நெசவைக் காட்டிக் கம்பளம் விற்கும் ஒரு 'கம்பளப் பள்ளி'. சக்காரா போய்ச் சேரும்போது மூடும் நேரம் நெருங்கிவிட்டது. படிப் பிரமிடைத் தூரத்திலிருந்து போட்டோ எடுத்ததோடு சரி. இறங்கும்போது கைடும் டிரைவரும் தனித்தனியே டிப்ஸ் கேட்டிருக்கிறார்கள். "நான் ஏமாந்துவிட்டேனா? இன்னும் இரண்டு நாள் கையில் இருக்கிறது. வேறு கைடு வைப்பதா, தனியாகவே சுற்றுவதா?" என்று கேட்கிறார்.

வேலை நிமித்தம் கெய்ரோவில் சில வருடங்கள் இருந்தவன் நான். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் இந்த இடங்களுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். நல்ல கைடு, மோசமான கைடு இரண்டு பேருடனும் நடந்திருக்கிறேன். அதனால் முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் விளக்குகிறேன். நாளைக்கே சக்காராவுக்குத் திரும்பிப் போங்கள். முழு நாளையும் அதற்கே கொடுங்கள். அங்கே கைடு அவசியம் வேண்டும். ஆனால் இந்த முறை அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் நீங்களாக இருக்க வேண்டும், கடைக்காரர் அல்ல.

நீங்கள் எடுத்த டூரின் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். கீசா, மெம்பிஸ், சக்காரா மூன்றுக்கும் வெளிநாட்டினருக்கான நுழைவுச் சீட்டு இருக்கிறது. கார், பெட்ரோல், டிரைவர் கூலி, கைடு கூலி, சாப்பாடு, நீங்கள் பதிவு செய்த தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு. எல்லாவற்றையும் கூட்டினால் நீங்கள் கொடுத்த விலைக்கு மேலே போகிறதா? போகிறதென்றால், மிச்சப் பணத்தை வேறு யாரோ கட்டுகிறார்கள் என்று அர்த்தம். அந்த யாரோதான் பாப்பிரஸ் கடை, எண்ணெய்க் கடை, கம்பளக் கடை. நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் கணிசமான பங்கு உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவருக்குப் போகிறது. நீங்கள் ஒன்றும் வாங்காவிட்டால் அன்றைக்கு அவருக்கு நஷ்டம். அதனால்தான் இரண்டாவது கடையில் நீங்கள் வெறுங்கையோடு வெளியே வந்தபோது அவர் முகம் மாறியிருக்கும்.

நம் ஊரில் வேன் பிடித்து ஊட்டி போனவர்களுக்கு இது புதிதல்ல. தொட்டபெட்டாவில் இருபது நிமிடம், தைலக் கடையிலும் சாக்லேட் கடையிலும் முக்கால் மணி நேரம் என்று டிரைவர் நிறுத்துவது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். ஊட்டியில் மொழி தெரியும், "வேண்டாம் அண்ணே, வண்டிய எடுங்க" என்று சொல்லிவிடலாம். கெய்ரோவில் ஒற்றை ஆளாகக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அது அவ்வளவு சுலபம் இல்லை. குழுவாக வந்தால் யாராவது ஒருவர் முணுமுணுப்பார், இன்னொருவர் ஆமோதிப்பார், கைடுக்கும் தயக்கம் வரும். தனியாக வந்தவருக்கு அந்தப் பக்கபலம் கிடையாது. திரும்பிப் போகும் வழியும் அந்தக் காரில்தான் இருக்கிறது. நீங்கள் வாய் திறக்காமல் கடைகடையாக ஏறி இறங்கியதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த டூர் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

இது எகிப்துக்கு மட்டும் உரிய பழக்கமும் அல்ல. சீனா 2013-ல் கொண்டுவந்த சுற்றுலாச் சட்டத்தில், அடக்க விலைக்கும் கீழே டூர் விற்றுக் கடைகளில் கமிஷன் எடுப்பதைத் தடை செய்தது. தாய்லாந்து 2016-ல் இதே மாதிரி டூர்களை நடத்திய நிறுவனங்கள் மீது பெரிய நடவடிக்கை எடுத்தது. இஸ்தான்புல்லில் கம்பளம், ஆக்ராவில் பளிங்கு, பாலியில் புனுகுப் பூனைக் காப்பி. சரக்கு மாறும், கணக்கு மாறாது.

கைடு பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நாளைக்கு நீங்கள் பேரம் பேசப் போவது அவர்களோடுதான். எகிப்தில் கைடாக வேலை செய்ய சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். அதற்குப் பட்டப் படிப்பு, மொழித் தேர்ச்சி எல்லாம் கேட்பார்கள். அப்படிப் படித்து வந்தவர்களின் தொழில் எப்படி அடிபட்டது என்று பாருங்கள். 2010-ல் எகிப்துக்கு 1.47 கோடி வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். 2011 புரட்சி, அதன் பிறகான குழப்பங்கள், 2015 அக்டோபரில் சினாய் மேலே ரஷ்ய விமானம் குண்டுவெடிப்பில் விழுந்தது என்று அடுத்தடுத்து வந்ததில், 2016-ல் அது சுமார் 54 லட்சமாகச் சுருங்கியது. பயணிகள் திரும்பத் தொடங்கியபோது கொரோனா வந்தது. நடுவில் பணமும் சரிந்தது. 2016 நவம்பருக்கு முன்னால் ஒரு டாலருக்கு 9 எகிப்திய பவுண்டுக்கும் குறைவு. 2024 மார்ச்சுக்குப் பிறகு அது 50-ஐ ஒட்டிப் போய்விட்டது. உள்ளூர்ப் பணத்தில் நாள் கூலி வாங்கும் ஒரு கைடு, உங்களைக் கம்பளக் கடைக்குக் கூட்டிப் போகாமல் வீட்டு வாடகை கட்ட முடியாத நிலையில் இருந்திருக்கலாம். மோசடி செய்யும் ஆட்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்த பலர் தங்கள் நாட்டு வரலாற்றை உயிராக நினைப்பவர்கள். கடை வாசலில் நிற்கும் நேரத்தில் சக்காராவில் இருக்கும் மெரெருகா என்ற பழங்கால அதிகாரியின் கல்லறையைக் காட்டிக்கொண்டிருக்கவே அவர்களும் விரும்புவார்கள்.

கடைக்குள் நடப்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், இனிமேல் எங்கே போனாலும் அடையாளம் தெரியும். வாசலில் "மியூசியம்" என்றோ "இன்ஸ்டிட்யூட்" என்றோ பலகை இருக்கும். நுழைந்ததும் சிவப்பாகச் செம்பருத்தி டீ வரும், காசு வேண்டாம் என்பார்கள். ஒருவர் பச்சையான பாப்பிரஸ் தண்டை எடுத்து, தோலைச் சீவி, உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றை நாடா நாடாவாக அறுப்பார். உருளையால் நசுக்கித் தண்ணீரைப் பிழிவார். ஊறவைத்த நாடாக்களைக் கிடையாக ஒரு வரிசை, அதன் மேல் நெட்டாக ஒரு வரிசை அடுக்கி அழுத்தத்தில் வைப்பார். பசை கிடையாது, தண்டின் சாறே ஒட்டிக்கொள்ளும். இது அத்தனையும் உண்மை. ஐயாயிரம் வருடங்களுக்கு முன்னால் செய்த விதமும் ஏறக்குறைய இதுதான். இந்தச் செடி எகிப்திலேயே அருகிப்போய், 1960-களில் ஹசன் ரகாப் என்பவர் சூடானிலிருந்து கொண்டுவந்து மறுபடி பயிரிட்டு, தாள் செய்யும் முறையையும் சோதித்துச் சோதித்து மீட்டெடுத்தார். அந்தப் பத்து நிமிடச் செய்முறை எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது.

சிக்கல் அதற்கு அடுத்த நிமிடம் தொடங்குகிறது. உங்கள் பெயரைச் சித்திர எழுத்தில் எழுதித் தருகிறேன் என்று ஒருவர் வருவார். "இது கையால் வரைந்தது, தெருவில் விற்பது வாழைமட்டை" என்பார். தெருவில் விற்பதில் போலி உண்டு, அது நிஜம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நிஜத் தாளில் நாடாக்கள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். ஆனால் தாள் நிஜமாக இருப்பதால் படம் கையால் வரைந்ததாகிவிடாது. பெரும்பாலும் அச்சு எடுத்து, மேலே தங்க நிறக் கோடு மட்டும் கையால் போட்டிருப்பார்கள். அதே படம் பக்கத்துச் சுவரில் இன்னொன்று தொங்குகிறதா, கோடுகள் இரண்டிலும் அச்சுப் பிசகாமல் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். எண்ணெய்க் கடையிலும் அதே நடைதான். "ஐரோப்பாவின் பெரிய சென்ட் கம்பெனிகள் எங்களிடம்தான் வாங்குகின்றன, இதில் ஆல்கஹால் இல்லை" என்று மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டே போவார்கள். மல்லிகை எண்ணெய் எகிப்தின் டெல்டாப் பகுதியிலிருந்து ஏற்றுமதியாவது உண்மை. அதை வைத்து உங்கள் மணிக்கட்டில் தேய்த்த பாட்டிலின் விலை நியாயம் என்று ஆகாது. பிடித்திருந்தால் வாங்குங்கள், உங்களுக்கு மனநிறைவு தரும் விலைக்கு. பிடிக்காவிட்டால் "லா, சுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு எழுந்து கதவை நோக்கி நடங்கள். காரணம் சொல்லவே சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களிடம் பதில் தயாராக இருக்கும்.

வாங்கிய பொருளைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, அதனால் அதை விடுகிறேன். உங்களுக்கு உண்மையில் போனது நேரம். மூன்று கடைகளில் போன நேரத்தையும் சாப்பாட்டு இடைவெளியையும் சேர்த்தால் சக்காராவை ஓரளவு பார்த்திருக்கலாம். எனக்கு ஆதங்கம் அதில்தான்.

சக்காராவில் என்ன இருக்கிறது என்று சொன்னால்தான் நாளைக்கு ஏன் போகச் சொல்கிறேன் என்பது புரியும். ஜோசர் மன்னரின் படிப் பிரமிடு கி.மு. 27-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கீசாவின் பெரிய பிரமிடுக்கு ஒரு நூற்றாண்டு மூத்தது. அதுவரை செங்கல்லில் கட்டிய தட்டையான கல்லறைகள்தான் வழக்கம். ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு அடுக்கு வைத்து, சுமார் 60 மீட்டர் உயரத்துக்குக் கல்லிலேயே கட்டிய யோசனை இம்ஹோதெப் என்பவருடையதாகச் சொல்லப்படுகிறது. 14 வருடச் சீரமைப்புக்குப் பிறகு 2020 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். நுழைவாயிலில் இருக்கும் தூண் வரிசையில் ஒரு தூணையாவது கிட்டப்போய்ப் பாருங்கள். நாணல் கட்டு மாதிரி வரிவரியாகச் செதுக்கியிருக்கும். தூண் தனியாக நிற்குமா என்று சந்தேகப்பட்டதுபோல ஒவ்வொன்றையும் பின்னால் ஒரு சிறு சுவரோடு இணைத்திருப்பார்கள். பெரிய அளவில் கல்லில் கட்டிய முதல் தலைமுறையின் தயக்கம் அந்தச் சுவரில் தெரிகிறது. இதைக் காட்ட ஒரு ஆள் வேண்டும். தனியாகப் போனால் தூண்களைக் கடந்து நடந்துவிடுவோம்.

அதற்குத் தெற்கே உனாஸ் மன்னரின் பிரமிடு. வெளியே கற்குவியல் மாதிரிதான் இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குனிந்து உள்ளே இறங்கினால் சுவர் முழுக்க மேலிருந்து கீழாக நீல நிறம் ஊட்டிய எழுத்துகள், கூரையில் நட்சத்திரங்கள். கி.மு. 24-ஆம் நூற்றாண்டு. பிரமிடுக்குள் சமய நூல் எழுதப்பட்டதில் நமக்குக் கிடைத்த மிகப் பழையது இதுதான். கீசாவின் பெரிய பிரமிடான கூஃபு மன்னரின் பிரமிடுக்குள் முதுகு ஒடியக் குனிந்து ஏறி, எட்டரை மீட்டர் உயரமுள்ள பெரிய நடையைக் கடந்து அரசர் அறைக்குப் போனால் அங்கே ஒரு வெறுங்கருங்கல் தொட்டி மட்டும் இருக்கும், சுவரில் ஒரு எழுத்து இருக்காது. நீங்கள் உள்ளே போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதற்காக வருத்தப்படாதீர்கள். அந்தத் தனிச் சீட்டின் விலையைச் சக்காராவில் செலவழித்தால் பல மடங்கு பார்க்கலாம்.

எனக்குச் சக்காராவில் மிகவும் பிடித்தது தீ என்ற அதிகாரியின் கல்லறை. அரசர் அல்ல, பெரிய பதவியில் இருந்த ஒரு மனிதர். சுவரில் மாடுகள் கால்வாயைக் கடக்கும் காட்சி இருக்கிறது. முன்னால் ஒருவன் கன்றுக்குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடக்கிறான். கன்று தலையைப் பின்னால் திருப்பித் தாயைப் பார்த்து நாக்கை நீட்டிக் கத்துகிறது. தாய் பின்னாலிருந்து கழுத்தை நீட்டுகிறது. தண்ணீருக்குள் இருக்கும் கால்களைத் தண்ணீரின் வளைகோடுகளுக்கு ஊடே தெரிகிற மாதிரி செதுக்கியிருக்கிறார்கள். 4,400 வருடத்துக்கு முந்தைய வேலை. முதல் முறை எனக்கு அதைக் காட்டிய கைடு, கையிலிருந்த சின்ன டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். சட்டென்று அத்தனை கோடுகளும் எழுந்து நின்றன. நல்ல கைடு தருவது அந்த மாதிரி ஒன்றை. ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் போனிலேயே படித்துக்கொள்ளலாம்.

மெரெருகாவின் கல்லறையும் போங்கள். 30-க்கும் மேற்பட்ட அறைகள், வாசல் போலச் செதுக்கிய மாடத்திலிருந்து அவரே நடந்து வெளியே வருவதுபோல ஒரு சிலை. தெய்வமாக வழிபட்ட ஆப்பிஸ் காளைகளைப் புதைத்த செராப்பியமும் இருக்கிறது. பாறைக்குள் நீண்ட சுரங்க நடை, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றும் பல பத்து டன் எடையுள்ள கல் பெட்டிகள். சில கல்லறைகளுக்கும் செராப்பியத்துக்கும் தனிச் சீட்டு உண்டு. எது எது திறந்திருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். அதனால் நுழைவுச் சீட்டு வாங்கும் இடத்திலேயே பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள், மணலில் வெகுதூரம் போன பிறகு சீட்டுக்குத் திரும்ப வர முடியாது. பல இடங்களில் வெளிநாட்டினரிடம் கார்டு மட்டுமே வாங்குகிறார்கள், கார்டு வேலை செய்கிறதா என்று இன்றைக்கே சோதித்துக்கொள்ளுங்கள்.

மாலையில் தெம்பு இருந்தால் தெற்கே தாஷூர். கூஃபுவின் தந்தை ஸ்நெஃபெரு கட்டிய இரண்டு பிரமிடுகள் அங்கே. ஒன்று பாதி உயரத்தில் சாய்வு மாறி வளைந்து நிற்கும். மற்றது சிவப்புப் பிரமிடு. அதன் பக்கவாட்டில் ஏறி, 60 மீட்டர் நீளச் சரிவில் பின்பக்கமாக இறங்கினால் உள்ளே கூம்பிக்கொண்டு போகும் உயரமான அறைகள். நான் போனபோதெல்லாம் உள்ளே இறங்கத் தனிச் சீட்டு கேட்டதில்லை, கூட்டமும் இருந்ததில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் யோசிக்கவும். தனியாக இறங்கும்போது வெளியே நிற்கும் கைடிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

மெம்பிஸைத் திரும்பப் பார்க்க வேண்டாம். அது சிறிய இடம், அரை மணி நேரம் தாராளம். ஆனால் அங்கே படுத்த நிலையில் இருக்கும் இரண்டாம் ராமேசஸ் மன்னரின் சுண்ணாம்புக்கல் சிலையைப் பார்த்திருப்பீர்கள், சுமார் 10 மீட்டர் நீளம். அந்த ராமேசஸின் பதப்படுத்திய உடலை (மம்மியை) 1976-ல் பாரிசுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது மூக்குத் துளைகளில் மிளகு இருப்பதைக் கண்டார்கள். அவர் இறந்தது கி.மு. 1213. கருமிளகு விளையும் காடு நம் மேற்குத் தொடர்ச்சி மலை. செங்கடல் கரையில் இருந்த, அதற்குப் பிற்காலத்துத் துறைமுகமான பெரனிகேயில், இந்தியாவில் செய்த ஒரு சாடிக்குள் சுமார் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. அங்கேயும் அதே கரையில் இருந்த குசைர் அல்-கதீம் துறைமுகத்திலும் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவரை அந்தச் சிலைக்கு முன்னால் நிற்கவைத்துவிட்டு இதைச் சொல்லாமல் "அடுத்தது கம்பளப் பள்ளி" என்று கூட்டிக்கொண்டு போனார்களே என்பதில் எனக்குக் கோபம்தான்.

சரி, நாளைக்கு ஆளைப் பிடிப்பது எப்படி? தங்கியிருக்கும் விடுதியில் கேளுங்கள், ஆனால் அவர்களும் பங்கு எடுப்பார்கள் என்பதை மனதில் வையுங்கள். தளத்தில் தேடுவதானால் ஐந்து நட்சத்திர விமர்சனங்களை விட்டுவிட்டு மூன்று நட்சத்திரம் போட்டவர்களைப் படியுங்கள். "இடம் அருமை, ஆனால் அவசரப்படுத்தினார்கள்" என்ற வரியோ, கடைகளைப் பற்றிய பேச்சோ வந்தால் அடுத்ததைப் பாருங்கள். இடங்களின் பட்டியலை நம்ப வேண்டாம். உங்கள் டூரிலும் சக்காரா பட்டியலில் இருந்தது, போகவும் செய்தீர்கள். ஒவ்வொரு இடத்திலும் எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பேசும்போது நேராகவே சொல்லலாம். "சக்காராவும் தாஷூரும் மட்டும் போதும். காலையில் சக்காரா திறக்கும்போது நாம் அங்கே இருக்க வேண்டும். சக்காராவில் குறைந்தது நான்கு மணி நேரம். கடை எதற்கும் போக வேண்டாம், கம்பளப் பள்ளிக்கும் வேண்டாம். அதனால் உங்கள் கட்டணம் கூடும் என்றால் இப்போதே சொல்லுங்கள், தருகிறேன்." இந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம். கடைக் கமிஷனில் அவருக்குக் கிடைக்கக்கூடியதை நீங்களே கட்டணமாகக் கொடுத்துவிட்டால், அவர் உங்களுடைய கைடு ஆகிவிடுகிறார். நான் ஊர்க்காரர்களுக்கு ஏற்பாடு செய்யும்போது இப்படித்தான் செய்வேன். பலருடைய பேச்சே அந்த நொடியில் மாறிவிடும். "உங்களுக்கு எதில் ஆர்வம், கட்டடக்கலையா, சுவர்ச் சிற்பமா?" என்று அவர்களே கேட்க ஆரம்பிப்பார்கள். அப்படிக் கேட்காமல், "கடை பத்து நிமிடம்தான் மேடம், காசு வேண்டாம், சும்மா பார்க்கலாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

உரிம அட்டையைக் காட்டச் சொல்வதில் தவறே இல்லை. காரை ஓட்டிக்கொண்டே விளக்கம் சொல்பவர் பெரும்பாலும் டிரைவர்தான். நல்லவராக இருக்கலாம், ஆனால் சக்காராவுக்குள் உங்களோடு வந்து விளக்க அவருக்கு அனுமதி கிடையாது. கார், டிரைவர், கைடு மூன்றுக்கும் தனியாக ஒருவரே கொடுப்பது பாரமாக இருந்தால் விடுதியில் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சக்காரா என்றால் பலர் தயங்குவார்கள், உனாஸின் சுவர் போட்டோவைக் காட்டினால் வந்துவிடுவார்கள். செயலியில் கார் பிடித்துப் போவது கீசாவுக்குச் சரி, சக்காராவில் திரும்பி வர வண்டி கிடைப்பது கஷ்டம். அதனால் வண்டியை நாள் முழுக்கப் பேசிக்கொள்ளுங்கள். வண்டி எண்ணைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள். அதை டிரைவர் பார்க்கிற மாதிரியே செய்யலாம், அங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

கல்லறைகளில் இருக்கும் காவலாளிகள் பற்றி ஒரு வார்த்தை. கயிற்றைத் தாண்டி வரச் சொல்வார்கள், உங்கள் போனை வாங்கிப் போட்டோ எடுத்துத் தருவார்கள், பிறகு கை நீட்டுவார்கள். கயிற்றைத் தாண்டாதீர்கள், சுவர் பாழாகிறது. போனையும் கொடுக்க வேண்டாம். கைடு பக்கத்தில் இருந்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும், தனியாக வந்த பெண்ணுக்குக் கைடு வேண்டும் என்று சொல்வதில் இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது நாளைக்குக் கைடே வேண்டாம். காலையில் கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில் இருக்கும் தேசிய நாகரிக அருங்காட்சியகம் போங்கள். 2021 ஏப்ரல் 3-ஆம் தேதி 22 அரச உடல்களைத் தெருவில் ஊர்வலமாகக் கொண்டுவந்து அங்கேதான் வைத்தார்கள், ராமேசஸும் அவர்களில் ஒருவர். கீழ்த்தளம், மங்கிய வெளிச்சம், போட்டோ எடுக்கக் கூடாது. ஒவ்வொருவரைப் பற்றியும் விளக்கப் பலகை தெளிவாக இருக்கிறது. மதியத்துக்கு மேல் கீசா பக்கத்துப் பெரிய அருங்காட்சியகம். 2025 நவம்பரில் முழுமையாகத் திறந்தார்கள், துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்கூட்டியே ஆன்லைனில் நேரம் குறித்து டிக்கெட் எடுக்க வேண்டும், இன்று இரவே பாருங்கள். கீசா பிரமிடுகளைத் திரும்பப் பார்க்க ஆசை என்றால் அதையும் தனியாகவே செய்யலாம். 2025-லிருந்து புதிய நுழைவாயில் வழியாக உள்ளே போய், வளாகத்துக்குள் ஓடும் பேருந்தில் ஏறி இறங்கிப் பார்க்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. முன்பு இருந்த ஒட்டகக்காரர்களின் நெருக்கடி நடைபாதையில் குறைந்திருக்கிறது.

டிப்ஸ் கொடுத்தது சரியா என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கே டிப்ஸ் வழக்கம்தான், கட்டாயம் அல்ல. டிரைவருக்குக் கொடுத்ததைப் பற்றி யோசிக்காதீர்கள், அவர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டார், கடையை முடிவு செய்வது பெரும்பாலும் அவர் கையில் இல்லை. நாளைக்கு வரும் கைடுக்கு, உங்களுக்கு மனம் நிறைந்தால், தாராளமாகவே கொடுங்கள்.

கடைசியாகப் பணம். தளத்தின் வழியாகப் பதிவு செய்திருந்தால் இன்றைக்கே எழுதுங்கள், பல தளங்களில் புகாருக்குக் காலக்கெடு இருக்கிறது. "ஏமாற்றிவிட்டார்கள்" என்று எழுதினால் பொதுவான மன்னிப்புக் கடிதம்தான் வரும். உங்கள் போனில் உள்ள போட்டோக்களில் நேரம் பதிவாகியிருக்கும். கீசாவில் முதல் போட்டோ எத்தனை மணி, கடைசி எத்தனை மணி, கடைகளில் எத்தனை மணி, சக்காராவுக்குள் நுழைந்தது எத்தனை மணி என்று வரிசையாக எழுதி, டூர் விளம்பரத்தில் கடைகள் குறிப்பிடப்படவில்லை என்றால் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து இணையுங்கள். முழுப் பணம் கேட்காதீர்கள், சக்காராவுக்கு உரிய பங்கைக் கேளுங்கள். அப்படிக் கேட்ட என் நண்பர்கள் சிலருக்கு ஒரு பகுதி திரும்பி வந்திருக்கிறது. கைடு பெயரைப் பொதுவில் போட வேண்டாம்; கடைகளுக்குக் கூட்டிப் போகச் சொல்வது நிறுவனம், புகாரும் நிறுவனத்தின் மீதே இருக்கட்டும்.